குழியும் சோழியும்: சம எலக்ட்ரான் துகள் எது, ஐசோஸ்டியர் எது?

நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சம எலக்ட்ரான் துகள்களா, ஐசோஸ்டியர்களா? இரண்டும்தான். மீத்தேனும் தண்ணீரும்? சம எலக்ட்ரான் துகள்கள்தான், ஆனால் ஐசோஸ்டியர்கள் இல்லை. பாஸ்பீனும் (PH₃) ஹைட்ரஜன் பெராக்சைடும் (H₂O₂)? எலக்ட்ரானை எண்ணினால் 18-க்கு 18. அணுவை எண்ணினால் நாலுக்கு நாலு. அப்படியும் அவை ஐசோஸ்டியர்கள் இல்லை. பிளஸ் ஒன் வேதியியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டிவிடுவார்கள். மூன்றாவதில்தான் கால் இடறும். அந்த மூன்றாவது கேள்விக்குச் சரியான காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் பாடம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூலக்கூறு, அயனி, தனி அணு மூன்றையும் இந்தக் கட்டுரையில் பொதுவாகத் துகள் என்றே சொல்கிறோம். இனி இரண்டு வரையறைகள். மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் அவை சம எலக்ட்ரான் துகள்கள். பாடப்புத்தகங்களில் ஐசோஎலக்ட்ரானிக் என்றும் பார்ப்பீர்கள். எலக்ட்ரான் எண்ணிக்கை, அணு எண்ணிக்கை, அந்த எலக்ட்ரான்கள் அமைந்திருக்கும் விதம் மூன்றும் ஒத்துப்போனால் அவை ஐசோஸ்டியர்கள். இந்த இரண்டாவது சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், ஆண்டு 1919. அவருடைய வரையறையில் ‘அமைப்பு’ என்ற நிபந்தனை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. குறிப்பேடுகளில் சுருக்கி எழுதும்போது அது மட்டும் உதிர்ந்துபோய், ‘அணுவும் எலக்ட்ரானும் சமம்’ என்று நின்றுவிடுகிறது. குழப்பத்துக்கு வேர் அதுதான்.

தேவையான பொருள்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு பல்லாங்குழிப் பலகையாவது பரணில் கிடக்கும். அதை எடுத்துத் துடைத்து வையுங்கள். மேல் வரிசையில் ஏழு குழி, கீழ் வரிசையில் ஏழு குழி. ஒப்பிட வேண்டிய இரண்டு துகள்களில் ஒன்று மேல் வரிசைக்கு, மற்றது கீழ் வரிசைக்கு. புளியங்கொட்டை 40, சோழி 70 இருந்தால் பள்ளிப் பாடத்தில் வரும் அநேகமாக எல்லா இணைகளையும் வைத்துப் பார்த்துவிடலாம். பலகை இல்லையென்றால் தாளில் இரண்டு வரிசை வட்டம் போட்டு, மொச்சையும் உளுந்தும் வைத்தாலும் போதும். இரண்டு வகை விதைகள் வேண்டும் என்பது மட்டும் முக்கியம். காரணம் போகப் போகத் தெரியும்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய அணு எண்கள் இவை: ஹைட்ரஜன் 1, போரான் 5, கார்பன் 6, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 8, ஃப்ளூரின் 9, நியான் 10, சோடியம் 11, மெக்னீசியம் 12, அலுமினியம் 13, சிலிக்கான் 14, பாஸ்பரஸ் 15, கந்தகம் 16, குளோரின் 17, ஆர்கான் 18, பொட்டாசியம் 19, கால்சியம் 20.

முதல் படி: குழிக்கு ஓர் அணு

ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு குழி. கார்பனேட் அயனி என்றால் ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன், ஆக நான்கு குழி. எத்தனை குழி நிறைகிறதோ அதுவே அணு எண்ணிக்கை. ஹைட்ரஜனும் அணுதான், அதற்கும் தனிக் குழி கொடுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் ஹைட்ரஜனாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: அணு எண் அளவுக்கு விதை

ஒவ்வொரு குழியிலும் அந்த அணுவின் அணு எண் எவ்வளவோ அவ்வளவு விதைகள் போடுங்கள். உள்ளடுக்கு எலக்ட்ரானுக்குப் புளியங்கொட்டை, வெளியடுக்கு எலக்ட்ரானுக்குச் சோழி. போரான் முதல் நியான் வரை உள்ளடுக்கில் 2 கொட்டை, மீதி சோழி. சோடியம் முதல் ஆர்கான் வரை உள்ளே 10 கொட்டை, மீதி சோழி. ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு சோழி. ஆக, கார்பன் குழியில் 2 கொட்டையும் 4 சோழியும் இருக்கும், ஆக்சிஜன் குழியில் 2 கொட்டையும் 6 சோழியும், கந்தகத்தின் குழியில் 10 கொட்டையும் 6 சோழியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அணு எண்ணுக்குப் பதிலாக அணு நிறையைப் போட்டு எண்ணுகிறவர்கள் உண்டு. கெட்ட நேரத்துக்கு அந்தத் தவறான வழியும் முதலில் சரியான விடையையே கொடுக்கும். நைட்ரஜன் மூலக்கூறின் நிறை 28, கார்பன் மோனாக்சைடின் நிறையும் 28. கார்பன் டைஆக்சைடு 44, நைட்ரஸ் ஆக்சைடும் 44. ‘சமம், சரி’ என்று நம்பிக்கை வந்துவிடும். அதே வழியில் எத்திலீனை எண்ணினால் அதுவும் 28 வந்து, அதையும் நைட்ரஜனோடு சேர்த்துவிடுவீர்கள். எத்திலீனில் உண்மையில் 16 எலக்ட்ரான், நைட்ரஜனில் 14. சயனைடு அயனியின் (CN⁻) நிறை 26, நைட்ரோசோனியம் அயனியின் (NO⁺) நிறை 30. இவற்றை அந்த வழி விலக்கிவிடும். ஆனால் இரண்டிலும் இருப்பவை 14 எலக்ட்ரான்களே, நைட்ரஜனோடு சேர வேண்டியவைதான். எனவே உங்கள் எண்ணும் முறை சரியா என்று பார்க்க, நைட்ரஜன்–கார்பன் மோனாக்சைடு இணையை உரைகல்லாக வைக்காதீர்கள். நைட்ரஜன்–சயனைடு இணையை வையுங்கள்.

மூன்றாம் படி: மின்சுமைக்குக் கூட்டல் கழித்தல்

எதிர்மின்சுமை என்றால் எலக்ட்ரான் கூடுதலாக வந்திருக்கிறது, சோழி சேருங்கள். நேர்மின்சுமை என்றால் எலக்ட்ரான் போய்விட்டது, சோழியை எடுங்கள். பிளஸ் குறியைப் பார்த்ததும் கை தானாகக் கூட்டப் போகும். அம்மோனியம் அயனியை 7 + 4 + 1 = 12 என்று எழுதுவது அப்படி வருவதுதான். சரியான கணக்கு 7 + 4 − 1 = 10. கூடுதல் சோழியை எந்தக் குழியில் போடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அது மொத்தத் துகளுக்கும் சேர்ந்தது, பலகையின் ஓரத்தில் தனியே வைத்தால் போதும்.

கார்பனேட்டை முழுதாக வைத்துப் பார்ப்போம். கார்பன் 6, மூன்று ஆக்சிஜனும் சேர்த்து 24, மின்சுமை மைனஸ் இரண்டு என்பதால் இன்னும் 2. மொத்தம் 32. கீழ் வரிசையில் நைட்ரேட்: நைட்ரஜன் 7, ஆக்சிஜன்கள் 24, மைனஸ் ஒன்றுக்கு 1. இதுவும் 32. கொட்டை எட்டுக்கு எட்டு, சோழி 24-க்கு 24, குழி நாலுக்கு நாலு. போரான் ட்ரைஃப்ளூரைடை வைத்தாலும் 5 + 27 = 32, நான்கு குழி. மூன்றும் தட்டையான முக்கோணங்கள், பிணைப்புக் கோணம் 120 டிகிரி. ஒன்றுக்கொன்று ஐசோஸ்டியர்கள்.

கந்தக டைஆக்சைடிலும் 16 + 16 = 32 எலக்ட்ரான்தான். ஆனால் குழி மூன்று. ஆகவே அது கார்பனேட்டுக்குச் சம எலக்ட்ரான் துகள், ஐசோஸ்டியர் இல்லை.

நான்காம் படி: கொட்டை வேறு, சோழி வேறு

பத்து எலக்ட்ரான் குடும்பத்தில் இந்தப் படி இல்லாமலே ஓட்டிவிடலாம். மீத்தேன், அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, நியான் எல்லாவற்றிலும் 10 எலக்ட்ரான். குழி முறையே 5, 4, 3, 2, 1. எனவே இவை ஒன்றுக்கொன்று சம எலக்ட்ரான் துகள்கள் மட்டுமே. ஐசோஸ்டியர் வேண்டுமானால் அதே குழி எண்ணிக்கையில் தேட வேண்டும். மீத்தேனுக்கு அம்மோனியம், அம்மோனியாவுக்கு ஹைட்ரோனியம், தண்ணீருக்கு அமைடு அயனி, ஹைட்ரஜன் ஃப்ளூரைடுக்கு ஹைட்ராக்சைடு. இதில் குழப்பமே வராது.

பதினெட்டு எலக்ட்ரான் குடும்பம் அப்படியல்ல. உண்மையான பாடம் இங்கேதான் இருக்கிறது, இங்கே அவசரப்படாதீர்கள்.

மேல் வரிசையில் ஹைட்ரஜன் குளோரைடை வையுங்கள். குளோரின் குழியில் 10 கொட்டை, 7 சோழி. ஹைட்ரஜன் குழியில் 1 சோழி. கீழ் வரிசையில் ஃப்ளூரின் மூலக்கூறு: ஒவ்வொரு குழியிலும் 2 கொட்டை, 7 சோழி. மொத்தம் 18-க்கு 18, குழி இரண்டுக்கு இரண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் ஐசோஸ்டியர் என்று எழுதிவிடுவார். பலகையைக் குனிந்து பாருங்கள். மேலே 10 கொட்டை, 8 சோழி. கீழே 4 கொட்டை, 14 சோழி. பிணைப்பிலும் வினையிலும் இறங்குவது சோழிகள்; கொட்டைகள் அணுக்கருவை ஒட்டி உள்ளே அடங்கிக் கிடப்பவை. எட்டுச் சோழிக்காரனும் பதினாலு சோழிக்காரனும் ஒரே அமைப்பில் இருக்க முடியாது.

இந்தக் கணக்கில் பதினெட்டுக் குடும்பம் முழுவதுமே இரண்டு கிளையாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஆர்கான், ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் சல்பைடு, பாஸ்பீன், சிலேன் ஆகியவை ஒரு கிளை. எல்லாமே 10 கொட்டை, 8 சோழி. ஃப்ளூரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில்அமீன் (NH₂OH), மீத்தைல் ஃப்ளூரைடு (CH₃F), மெத்தனால் (CH₃OH), ஹைட்ரசீன் (N₂H₄), மீத்தைல்அமீன் (CH₃NH₂) ஆகியவை மறு கிளை. எல்லாமே 4 கொட்டை, 14 சோழி. கிளை மாறிச் சேர்த்தால் தவறு. தொடக்கத்தில் கேட்ட பாஸ்பீன்–பெராக்சைடு இணை கிளை மாறிய இணை. பாஸ்பீன் மைனஸ் 87.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற வாயு. பெராக்சைடு 150 டிகிரி வரை திரவம். ஒன்றில் நடு அணுவைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன், மற்றதில் இரண்டு ஆக்சிஜன் கைகோத்து ஆளுக்கொரு ஹைட்ரஜனை வைத்திருக்கின்றன. சிலேன்–மீத்தைல் ஃப்ளூரைடு இணையும் இதே வகைதான்: இரண்டிலும் 18 எலக்ட்ரான், ஐந்து அணு, ஆனாலும் ஐசோஸ்டியர்கள் இல்லை.

ஐந்தாம் படி: எலும்புக்கூட்டை வரைந்து பாருங்கள்

கிளை ஒன்றாகவே இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்ற எலும்புக்கூடும் ஒத்துப்போக வேண்டும். மெத்தனாலையும் ஹைட்ரசீனையும் வையுங்கள். ஆறு குழி, 4 கொட்டை, 14 சோழி, எல்லாம் ஒன்றுதான். ஆனால் மெத்தனாலில் கார்பனிடம் மூன்று ஹைட்ரஜன், ஆக்சிஜனிடம் ஒன்று. ஹைட்ரசீனில் இரண்டு நைட்ரஜனிடமும் இரண்டிரண்டு. மூன்று–ஒன்று எங்கே, இரண்டு–இரண்டு எங்கே? மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி, ஹைட்ரசீனுடையது ஏறத்தாழ 114. லாங்மியூரின் அளவுகோலில் இவை ஐசோஸ்டியர்கள் ஆகா.

சரியான ஜோடி எப்படி இருக்கும் என்று பார்க்க மீத்தைல்அமீனையும் ஹைட்ரசீனியம் அயனியையும் வையுங்கள். முதலாவதில் கார்பனிடம் மூன்று ஹைட்ரஜன், நைட்ரஜனிடம் இரண்டு. இரண்டாவதில் ஒரு நைட்ரஜனிடம் மூன்று, மற்றதிடம் இரண்டு. கணக்கும் பொருந்துகிறது, கோர்வையும் பொருந்துகிறது. சிலேனுக்குப் பாஸ்போனியம் அயனியும் அப்படியே.

எலும்புக்கூடு வரையும்போது நைட்ரஸ் ஆக்சைடில் பலர் ஆக்சிஜனை நடுவில் வைத்துவிடுகிறார்கள், வாய்பாட்டில் இரண்டு நைட்ரஜன் இருப்பதால் தண்ணீரைப் போல வரையத் தோன்றும். சரியான வரிசை நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். நேர்கோட்டில் நிற்கும். கார்பன் டைஆக்சைடும் நேர்கோடுதான். இரண்டிலும் 22 எலக்ட்ரான், மூன்று குழி, 6 கொட்டை, 16 சோழி. அசைடு (N₃⁻), சயனேட் (OCN⁻), நைட்ரோனியம் (NO₂⁺) அயனிகளும் இதே குடும்பம். எல்லாம் நேர்கோட்டு ஐசோஸ்டியர்கள்.

பண்புகளை வைத்துச் சரிபார்ப்பது

லாங்மியூர் இந்தக் கருத்தை வெறும் எண்ணிக்கை விளையாட்டாக விட்டுவிடவில்லை. எலக்ட்ரான் அமைப்பு ஒத்திருந்தால் இயற்பியல் பண்புகளும் நெருங்கி நிற்க வேண்டும் என்று சொல்லி, அளவீடுகளை எடுத்து வைத்தார். இன்றைய எண்களில் பார்த்தாலும் பொருத்தம் அழகானது. கார்பன் டைஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) 31.0 டிகிரி, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 36.4. நிலைமாறு அழுத்தம் முறையே 73.8, 72.5 பார். நைட்ரஜன் மைனஸ் 195.8 டிகிரியில் கொதிக்கிறது, கார்பன் மோனாக்சைடு மைனஸ் 191.5 டிகிரியில்.

இந்த நெருக்கம் தொழிலிலும் உதவுகிறது. கார்பன் டைஆக்சைடை அமீன் கரைசலில் உறிஞ்சிப் பிரிக்கும் ஆலைகளில், அந்த வாயு கரைசலில் இயல்பாக எவ்வளவு கரையும் என்று தெரிய வேண்டும். நேராக அளக்க முடியாது, கரையும்போதே அது அமீனோடு வினைபுரிந்துவிடும். அதனால் வினைபுரியாத ஐசோஸ்டியரான நைட்ரஸ் ஆக்சைடின் கரைதிறனை அளந்து, தண்ணீரில் இரண்டு வாயுக்களுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு கார்பன் டைஆக்சைடின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

வேதிப் பண்பும் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் வெளுக்கும். நைட்ரஸ் ஆக்சைடை எவ்வளவு நேரம் செலுத்தினாலும் வெளுக்காது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சு இறுகியதும் இதே வினையால்தான். நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவும் தேய்த்து மெருகேற்றிய உழைப்பும் பளபளப்பைத் தந்தன என்றால், உறுதியைத் தந்தது கார்பனேட்.

அந்தச் சுவரையே இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஈரம் ஏறும் அடிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அப்படிப் பூக்கும் உப்புகளில் நைட்ரேட்டும் ஒன்று. ஆக ஒரே சுவரில் கார்பனேட்டும் அதன் ஐசோஸ்டியரான நைட்ரேட்டும் இருக்கின்றன. ஆனால் நடத்தை வேறு. 25 டிகிரியில் சோடியம் நைட்ரேட் 100 மில்லி தண்ணீரில் சுமார் 91 கிராம் கரையும். கால்சியம் கார்பனேட் லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம்தான். கரைந்தது ஈரத்தோடு ஊர்ந்து வெளியே வந்து பூக்கிறது, கரையாதது பூச்சாக நின்றுவிடுகிறது. எலக்ட்ரான் அமைப்பு ஒன்றாக இருந்தாலும் மின்சுமை மைனஸ் 2, மைனஸ் 1 என்று வேறுபடுவதும், கூடவே நிற்கும் நேரயனி ஒன்றில் கால்சியம் மற்றதில் சோடியம் என்று வேறுபடுவதும்தான் இந்த இடைவெளிக்குக் காரணம். படிக வடிவத்தில் மட்டும் உறவு அப்படியே இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவமான கால்சைட்டும் சோடியம் நைட்ரேட் படிகமும் ஒரே வார்ப்பு. புதிதாகப் பிளந்த கால்சைட் முகத்தின் மேல் சோடியம் நைட்ரேட் கரைசலை உலரவிட்டால், நைட்ரேட் படிகங்கள் அடியிலிருக்கும் கால்சைட்டின் திசையைப் பார்த்தே வரிசையாக வளரும்.

சோடியம் ஃப்ளூரைடும் மெக்னீசியம் ஆக்சைடும் இதற்கு இன்னொரு சாட்சி. நான்கு அயனிகளிலும் பத்துப் பத்து எலக்ட்ரான், இரண்டு படிகமும் உப்புக்கல் அமைப்பு. உருகுநிலை மட்டும் ஒன்றுக்குச் சுமார் 995 டிகிரி, மற்றதற்கு 2,850 டிகிரியை ஒட்டி. ஒன்றுக்கு ஒன்று இழுப்பதும் இரண்டுக்கு இரண்டு இழுப்பதும் ஒன்றாகுமா?

நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எவ்வளவு நெருங்கிய ஐசோஸ்டியர்கள் என்று பார்த்தோம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், அதை நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறோம். கார்பன் மோனாக்சைடோ இரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொண்டு ஆளைக் கொல்லும். நைட்ரஜனில் இரண்டு முனையும் சமம். மோனாக்சைடில் கார்பன் முனை ஒரு தனி இணை எலக்ட்ரானை நீட்டிக்கொண்டு இரும்போடு பிணைகிறது. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். ‘ஐசோஸ்டியர், ஆகவே ஒரே மாதிரி’ என்று ஆய்வகத்தில் ஒருபோதும் முடிவுகட்டக் கூடாது.

ஒற்றை அணு அயனிகள்

நைட்ரைடு, ஆக்சைடு, ஃப்ளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள், நியான் அணு எல்லாவற்றிலும் 10 எலக்ட்ரான். பலகையில் வைக்கும்போது ஒன்று கவனிக்கவும். சோடியத்தின் ஒரே சோழியை எடுத்ததும் குழியில் 10 கொட்டை மட்டும் மிஞ்சும். வெளியடுக்கு காலியானால் அடுத்த அடுக்கு வெளியடுக்காகிவிடும் என்பதால், 8 கொட்டையை எடுத்து 8 சோழியாக மாற்றுங்கள். நியானோடு பொருந்திவிடும்.

தேர்வில் இவற்றைப் பற்றிப் பெரும்பாலும் வருவது அளவுக் கேள்விதான். எலக்ட்ரான் ஒன்றாக இருக்க, புரோட்டான் கூடக் கூட இழுப்பு கூடி அயனி சுருங்கும். அயனி ஆரம் ஆக்சைடுக்கு 140 பிகோமீட்டர், ஃப்ளூரைடு 133, சோடியம் 102, மெக்னீசியம் 72, அலுமினியம் 53.5. மறந்துவிட்டால் அணு எண் வரிசையை எழுதித் தலைகீழாகப் படித்தால் போதும்.

புத்தகத்துக்குப் புத்தகம் வரையறை மாறும்போது

பள்ளியிலும் நுழைவுத் தேர்வுகளிலும் சம எலக்ட்ரான் என்றால் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை சமம், அவ்வளவுதான். மேற்படிப்புக்கு அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ, 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கோ போய் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கும்போது வேறொரு வரையறை எதிரே வரும். பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐயூபாக், இணைதிறன் எலக்ட்ரான் எண்ணிக்கையும் அணுக்கள் கோத்திருக்கும் விதமும் ஒன்றாக இருந்தால்தான் சம எலக்ட்ரான் என்கிறது. நம் பலகையில் சொன்னால், கொட்டையை விட்டுவிட்டுச் சோழியையும் எலும்புக்கூட்டையும் மட்டும் பார்ப்பது. அந்த அளவில் கார்பன் டைஆக்சைடும் கார்பன் டைசல்பைடும் சம எலக்ட்ரான் துகள்கள். மொத்தம் 22, 38 என்று வேறுபட்டாலும் சோழி 16-க்கு 16. மீத்தேனும் தண்ணீரும் அந்த அளவில் சேராது. அந்த வரையறையை ஏற்றுக்கொண்டால் இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

எனவே விடை எழுதும்போது முதல் வரியில், எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். பிளஸ் ஒன் தேர்வில் மொத்த எலக்ட்ரான் வரையறையே எடுபடும். ‘எல்லா ஐசோஸ்டியர்களும் சம எலக்ட்ரான் துகள்கள், எல்லாச் சம எலக்ட்ரான் துகள்களும் ஐசோஸ்டியர்கள் அல்ல’ என்ற வாக்கியமும் லாங்மியூரின் வரையறைக்குள் நின்றால் மட்டுமே உண்மை.

மருந்தியல் பக்கம் போனால் அந்த வாக்கியம் உடைந்துவிடும். 1925-இல் வேதியியலாளர் கிரிம் ஒரு விதி சொன்னார்: ஓர் அணுவோடு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தால், அந்தத் தொகுதி தனிம வரிசையில் அடுத்த கட்டத்து அணுவைப் போல நடந்துகொள்ளும். ஃப்ளூரின் அணு, ஹைட்ராக்சில், அமினோ, மீத்தைல் தொகுதிகள் நான்கிலும் ஒன்பது எலக்ட்ரான். ஆனால் குழி 1, 2, 3, 4. அணு எண்ணிக்கை என்ற நிபந்தனை இங்கேயே கழன்றுவிட்டது. 1932-இல் எர்லன்மேயர் இன்னும் விரித்து, வெளியடுக்கு ஒத்திருந்தால் போதும் என்றார். 1951-இல் ஃப்ரீட்மன் உடலில் ஒரே வகை வேலை செய்யும் தொகுதிகளுக்கு பயோஐசோஸ்டியர் என்று பெயரிட்டார்.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் அமினோ தொகுதியை வைத்து, ஒரு மீத்தைலும் சேர்த்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. வைட்டமினின் சாயல் இருப்பதால் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதி அதைப் பிடித்துக்கொண்டு முடங்கிப்போகிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லோசார்ட்டானில் கார்பாக்சில் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கார்பனும் நான்கு நைட்ரஜனும் கோத்த டெட்ரசோல் வளையம். கார்பாக்சிலில் 23 எலக்ட்ரான், நான்கு அணு. டெட்ரசோல் தொகுதியில் 35 எலக்ட்ரான், ஆறு அணு. எந்தக் கணக்கிலும் பொருந்தாது. அமிலத்தன்மை மட்டும் கிட்டத்தட்ட ஒன்று, மருந்தாக்குகிறவருக்கு வேண்டியதும் அதுதான். பென்சீனையும் தயோபீனையும் ஐசோஸ்டியர்கள் என்று சொல்வதும் இந்த விரிந்த பொருளில்தான். அவற்றின் கொதிநிலை 80.1, 84.2 டிகிரி.

கைப்பழக்கத்துக்கு

பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் படியுங்கள். ஓசோனும் (O₃) நைட்ரைட் அயனியும் (NO₂⁻); அசிட்டிலீனும் (C₂H₂) நைட்ரஜனும்; கார்பைடு கல்லில் உள்ள அசிட்டிலைடு அயனியும் (C₂²⁻) நைட்ரஜனும்; சல்பேட்டும் (SO₄²⁻) பெர்குளோரேட்டும் (ClO₄⁻); ஆக்சலேட்டும் (C₂O₄²⁻) டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் (N₂O₄); ஹைட்ராக்சில்அமீனும் மீத்தைல் ஃப்ளூரைடும்.

ஓசோன்–நைட்ரைட்: 24, மூன்று குழி, இரண்டும் வளைந்தவை, ஐசோஸ்டியர்கள். அசிட்டிலீன்–நைட்ரஜன்: 14-க்கு 14, ஆனால் குழி நாலு, இரண்டு, சம எலக்ட்ரான் மட்டும். அசிட்டிலைடு: 12 + 2 = 14, குழி இரண்டு; நைட்ரஜனுக்கு ஐசோஸ்டியர். சல்பேட்–பெர்குளோரேட்: 50, ஐந்து குழி, 18 கொட்டை, 32 சோழி, இரண்டும் நான்முகி, ஐசோஸ்டியர்கள். ஆக்சலேட்: 12 + 32 + 2 = 46; டெட்ராக்சைடு: 14 + 32 = 46; ஆறு குழி, நடுவில் இரண்டு அணு, ஆளுக்கு இரண்டு ஆக்சிஜன்; ஐசோஸ்டியர்கள். கடைசி இணையில் 18, ஐந்து குழி, 4 கொட்டை, 14 சோழி என்று எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் ஒன்றில் ஹைட்ரஜன்கள் இரண்டு–ஒன்று என்று பிரிந்திருக்கின்றன, மற்றதில் மூன்றும் கார்பனிடமே இருக்கின்றன. அது சம எலக்ட்ரான் இணை மட்டுமே.